நான் எல்லோருக்கும் காட்டிய நோட்டு

பழம் சாப்பிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளின் கேண்டீன் வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன். பூந்தமல்லிப் பள்ளிக்கூடங்களில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். நூம்பல் பக்கம் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடிகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு உட்காரவைத்து, “மேடம், கொய்யா நல்லதா, கிவி நல்லதா?” என்று கேட்பார்கள். கொய்யாதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு, அவர்கள் தட்டில் வைத்துக் கொடுக்கும் கிவியைச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபின், உணவு ஆலோசகர்களாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் வந்து, “உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம்” என்கிறீர்கள். நான் சாதித்ததையெல்லாம் எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் ஒரே ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பழம் சாப்பிட்டு இறந்துபோனார். அவருக்கு உணவு ஆலோசகர் நான்தான்.

அவரை அருள்தாஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆவடிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. நான் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் புதனும் சனியும் டயாலிசிஸுக்கு வருவார். கூடவே மனைவி பிலோமினா, ஒரு ஒயர் கூடையோடு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நமக்கெல்லாம் நல்லது செய்யும் அதே பழம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஆபத்து. பழத்தில் இருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்ற அவர்களிடம் சிறுநீரகம் இல்லை. அது ரத்தத்தில் தேங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடும். அதனால் அவர்களிடம் மட்டும் நான் என் பாட்டை மாற்றிப் பாடவேண்டியிருந்தது. சாத்துக்குடி கூடாது, சப்போட்டா கூடாது, மாம்பழம் கூடாது, இளநீரை நினைத்தே பார்க்கக் கூடாது.

நம் ஊர் வழக்கம் என்ன? உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகமாட்டோம். ஒரு பை சாத்துக்குடி, நாலு ஆப்பிள், கொஞ்சம் வசதி இருந்தால் மாதுளை. அருள்தாஸுக்குச் சொந்தபந்தம் அதிகம், போதாததற்குக் கோயில் ஆட்களும் பட்டறை ஆட்களும். வாரம் தவறாமல் யாராவது பையோடு வந்து நிற்பார்கள். சாகாமல் இருக்க எதைத் தொடக்கூடாதோ அதை ஊரே அன்பாகக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் ஆலோசனையில் அவர் சொன்னதை நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“மேடம், ஒண்ணு சொல்லட்டா? சோறு வாய்ல வச்சா இரும்பு கணக்கா கீது.”

“இரும்பா?”

“முப்பது வருசம் லேத்துல நின்னவன் மேடம். இரும்புத்தூள் நாக்குல படாத நாள் கெடையாது. அந்த ருசி எனக்கு நல்லாத் தெரியும். இட்லியும் அதான், ரசமும் அதான், முட்டையும் அதான். பழம் மட்டுந்தான் பழமா கீது.”

“முன்னாடி பழம் நிறைய சாப்பிடுவீங்களா?”

“தொடக்கூட மாட்டேன் மேடம். பழமெல்லாம் காச்சல்காரன் துன்றதுன்னு சொல்லிகினு கெடந்தவன். இப்ப பாரு, இன்னா கூத்து.”

சிறுநீரகம் கெட்டால் நாக்கின் ருசி மாறும் என்பது நான் பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். “எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் அண்ணா. மருந்துன்னு நெனச்சு முழுங்குங்க, பழகிடும்” என்று சொல்லி, என்ன சாப்பிடலாம் எது கூடாது என்ற அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்பினேன். மூன்று வேளையும் இரும்பை முழுங்கு என்று ஒரு மனிதனிடம் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

என் நோட்டு முறையைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்போது உங்கள் நோயாளிகள் கைபேசியில் பதிகிறார்கள். அப்போது நான் ஒவ்வொரு நோயாளிக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, தின்றதை எல்லாம் எழுதிவரச் சொல்வேன். சனிக்கிழமை டயாலிசிஸ் ஹாலில் வரிசையாகக் கட்டில். நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருப்பார்கள், எங்கும் எழுந்து போகமுடியாது. நான் கட்டில் கட்டிலாகப் போய் நோட்டை வாங்கிச் சத்தமாக வாசிப்பேன். சரியானதற்குப் பச்சை மையில் டிக், தப்புக்குச் சிவப்பு வட்டம். நடுநடுவே கிண்டல் செய்வேன். ஹாலே சிரிக்கும். ஒருவர் தப்பைக் கேட்டு இன்னொருவர் திருந்துவார் என்பது என் கணக்கு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதில் அந்த வயதில் பெருமையும் உண்டு.

அருள்தாஸின் முதல் வார நோட்டு நேர்மையான நோட்டு. குண்டு குண்டு எழுத்தில் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். நான் வாசித்தேன்.

“சாத்துக்குடி மூணு, சப்போட்டா ரெண்டு, மாதுளை ஒண்ணு, மறுபடி சாத்துக்குடி ரெண்டு. அருள்தாஸ் அண்ணா, இது நீங்க சாப்பிட்டதா, பழக்கடை ஸ்டாக்கா?”

ஹால் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அத்தோடு விட்டிருக்கலாம்.

“இப்படியே போனா உங்களப் பாக்க வர்றவங்க பழப் பைய விட்டுட்டு மாலையோடதான் வருவாங்க.”

அதற்கும் சிரித்தார்கள். கதவோரம் கூடையோடு நின்ற பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. அருள்தாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இனிமே தப்பு இருக்காது மேடம்” என்றார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து தப்பு இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்து, லேத்காரருக்கே உரிய சுத்தத்தோடு எழுதியிருந்தார். இட்லி இரண்டு. முட்டை வெள்ளைக்கரு இரண்டு. காய், வேகவைத்துத் தண்ணீர் வடித்தது. ஆப்பிள் அரை. பக்கம் முழுக்க என் பச்சை டிக். மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் சொன்ன மாதிரியே வந்தது. நான் அந்த நோட்டைக் கட்டில் கட்டிலாக எடுத்துப்போய்க் காட்டினேன். “ஒரே வாரத்துல திருந்தினார் பாருங்க, உங்களுக்கு மட்டும் ஏன் முடியல?” என்று மற்றவர்களை ஒரு பிடி பிடித்தேன். அவர் படுத்தபடி மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், முகத்தில் கூச்சமான ஒரு சிரிப்பு. அது பெருமை என்று நினைத்தேன். பெருமையும்தான் போலிருக்கிறது, அதுதான் இன்னும் வேதனை.

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். ஆவடிக்காரர், அருள்தாஸ் போகும் அதே மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

முதல் தடவை, “மேடம், அருள்தாஸண்ணன் வாயில சாத்துக்குடி வாசம் அடிக்குது” என்றார். “அவர் நோட்டப் பாத்தீங்களா சிஸ்டர்? மொதல்ல அதப் பாருங்க” என்றேன். ஒரு மனிதனின் வாயில் வரும் வாசத்தைவிட அவன் கையெழுத்தை நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் திரையில் வரும் பச்சைக் கோட்டை அப்படித்தான் நம்புகிறீர்கள்.

இரண்டாவது தடவை சாம்பல் புதனுக்குப் பிறகு. கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்கும் நாள் அது. காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். அன்று கடுமையான ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு. அதிலிருந்து ஈஸ்டர் வரை அவர்களில் பலர் கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார்கள். அந்தப் புதன்கிழமை அருள்தாஸ் நெற்றியில் சாம்பலோடுதான் டயாலிசிஸுக்கு வந்தார். என் கண்ணால் பார்த்தேன். சனிக்கிழமை அவர் நோட்டில் அதே புதன்கிழமைக்கு நேராக, மதியம், முட்டை வெள்ளைக்கரு இரண்டு என்று இருந்தது. டிக் போட்டேன்.

சிஸ்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“மேடம், சாம்பல் புதனன்னிக்கு அவரு முட்ட சாப்ட்ருப்பாருன்னு நம்பறீங்களா? தவக்காலத்துல அவங்க ஊட்ல முட்டையே வாங்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

“நோயாளிங்களுக்கு ஒருசந்தியில விலக்கு உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“விலக்கு உண்டு மேடம். அவரு எடுத்துக்குற ஆள் கெடையாது.”

முட்டை சாப்பிடவில்லை என்றால் வேறு என்ன சாப்பிடுகிறார் என்பது அடுத்த கேள்வி. குழந்தைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை. ஏன் என்று உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அடுத்த சில வாரங்களில் மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு வர இருந்தது. உணவுப் பிரிவிலிருந்து காட்ட ஒரு முன்மாதிரி வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. அருள்தாஸின் நோட்டைத் தருகிறேன் என்று அந்த வாரம்தான் பெயர் கொடுத்திருந்தேன். அந்த நோட்டு பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு நேரம் சரியில்லை. “குழு வந்துட்டுப் போகட்டும் சிஸ்டர், உட்கார வச்சுப் பேசறேன்” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசி போடப் போய்விட்டார்.

குழு ஒரு திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமையே அருள்தாஸிடம் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். “நல்லா காட்டுங்க மேடம், உங்களுக்கு நல்ல பேர் வரணும்” என்று சொல்லிக் கொடுத்தார். குழுவில் இருந்த பெரியவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நோயாளிகளை இந்த அளவுக்குப் பழக்க எப்படி முடிந்தது என்று கேட்டார். நான் கால் மணி நேரம் பேசினேன். புதன்கிழமை அவர் வந்ததும் இதைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுவந்தார்கள். எழுந்தவர் காலில் ஜீவனே இல்லை என்றிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆவடியிலிருந்து பூந்தமல்லி சாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது இதயத்துடிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பொட்டாசியம் அளவைப் பார்த்த டாக்டர் ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். முக்கால் மணி நேரம் போராடினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே எனக்கு எந்த வேலையும் இல்லை, என் வேலை போன வாரங்களிலேயே முடிந்துவிட்டிருந்தது.

அன்று மாலை கேஸ் ஷீட்டில் உணவு ஆலோசகர் குறிப்பு எழுதவேண்டும். “நோயாளி உணவு அறிவுரையைப் பின்பற்றவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. டாக்டரும் ஆறுதலாகத்தான் பேசினார். அந்த வரி அந்தக் கோப்பில் இன்னும் இருக்கும். நான் எழுதியதிலேயே நான் வெட்கப்படும் வரி அதுதான்.

பிறகு என்ன செய்தோம் என்றும் சொல்லவேண்டும், உங்களுக்கு உதவும். சிஸ்டரும் நானும் டாக்டரோடு உட்கார்ந்து பேசினோம். வாயில் இரும்பு ருசி என்கிறவர்களை எவர்சில்வர் ஸ்பூனை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்பூனில் சாப்பிடச் சொன்னோம். சூட்டில் ருசி இன்னும் கெடுகிறது என்றவர்களுக்கு ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னோம். சாப்பாட்டுக்கு முன் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் கொஞ்சம் வாய் கொப்பளிக்கச் சொன்னோம். பொட்டாசியம் குறைவான அன்னாசியில் இரண்டு துண்டு, ஆப்பிளில் பாதி. பழம் இல்லாமல் முடியவே முடியாது என்கிறவர்களில் டாக்டர் சரி என்று சொன்னவர்களுக்கு, டயாலிசிஸ் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில், எங்கள் கண் முன்னால், அவர் சொன்ன அளவு. ஒரு லாரி டிரைவர் நாலு சுளை சாத்துக்குடியைக் கால் மணி நேரம் வைத்துத் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான், காரணம் வேறு. இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அருள்தாஸ் இரும்பு ருசி என்று சொன்ன அந்த முதல் நாளே இதெல்லாம் எனக்குத் தெரியும். பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வாசிப்பையும் நிறுத்தினேன். நோட்டு கேட்பதை நிறுத்தவில்லை, டிக் போடுவதை நிறுத்தினேன். தப்பை எழுதியவருக்கு முதலில் நன்றி சொல்லப் பழகினேன். வாய் நீளமானவளுக்கு அது லேசில் வரவில்லை. நீங்களும் உங்களிடம் சுத்தமான கணக்கோடு வருகிறவரைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அவருக்கு நாக்கில் என்ன ருசி தெரிகிறது என்று கேளுங்கள். எது பிடிக்கவில்லை, எதை மறைக்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருங்கள்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து நானும் சிஸ்டரும் ஆவடிக்குப் போனோம். ஒரே அறையும் சமையலறையுமான வீடு. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பிலோமினா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினார்.

“அவரு சோறு துன்னு மாசக்கணக்காச்சு மேடம். வச்சா துப்பிடுவாரு. எதுனா வயித்துக்குப் போவட்டும்னு நான்தான் உரிச்சு உரிச்சுக் குடுப்பேன். டெஸ்ட்டுக்கு முன்னால நாலு நாள் மட்டும் தொட மாட்டாரு, பட்டினியா கெடப்பாரு. ஞாயித்துக்கெழம அவுங்க அக்கா ஒரு பை வாங்கியாந்தாங்க. நோட்டுதான் ஊட்ல இல்லயே, இந்த மூணு நாளு நிம்மதியா துன்றேன்னாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அம்மா. நான் திட்டுவேன்னு பயமா?”

“பயமா? அய்யோ, இல்ல மேடம். உங்க மேல அவருக்கு உசுரு. நானே சொன்னேன், மேடமாண்ட சொல்லிடுய்யான்னு. அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘என் நோட்ட அந்தம்மா ஊருக்கே காட்டிகினு கீது. இப்ப போய் இதெல்லாம் பொய்யின்னு சொன்னா அந்தம்மா மூஞ்சி இன்னா ஆவும்?’ன்னாரு.”

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஏதோ பேசியிருப்பேன்.

கிளம்பும்போது பிலோமினா வாசல் வரை வந்தார். சிஸ்டர் முன்னால் போய் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தார். பிலோமினா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க மேடம். நான் உரிச்சுக் குடுத்த பழந்தானே அவரக் கொன்னுது?”

“இல்லம்மா. அவருக்கு ஏற்கெனவே இதயம் பலவீனமா இருந்துச்சு. பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றேன்.

அவர் நம்பினார். என் வாயிலிருந்து வந்தால் அந்த வீட்டில் நம்புவார்கள். முகம் அப்படியே இளகி, “மாதா உங்களக் காப்பாத்தட்டும் மேடம்” என்று சொல்லி அழுதார்.

அவர் மனம் உடையக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அது முழு உண்மை இல்லை. பழம்தான் என்று ஒப்புக்கொண்டால், அருள்தாஸ் ஏன் அதை மறைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் உண்மையைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தார், நான்தான் அதை எல்லோர் முன்னாலும் சிரிப்பாக்கினேன், உங்கள் கைமேல் ஒரு பழியும் இல்லை என்று சொல்லியாக வேண்டும். ஆவடி வரை போனதே அதைச் சொல்லத்தான். சொல்லாமலே ஆட்டோவில் ஏறிவிட்டேன்.